ஓராண்டு விடுப்பும் ஒன்பது பை அரிசியும்

நான் பயந்தவள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மேற்கொண்டு எழுதச் சுலபமாக இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். இப்படி இழுத்ததில் பூட்டு கெட்டிருக்குமோ என்று நான்காவது முறையும் இழுப்பேன். அப்படிப்பட்ட ஒருத்தி முப்பத்து மூன்று வயதில், யாரும் துரத்தாமல், சம்பளம் வாங்காமல் ஓராண்டு வீட்டில் இருக்க முடிவெடுத்தாள் என்றால், எவ்வளவு முன்னேற்பாடு செய்திருப்பாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முன்னேற்பாடுதான் என்னைக் கவிழ்த்தது.

எனக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் வேலை. வீடு கோலசிலாங்கூரில். போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மழை பெய்தால் சாமிக்குத்தான் தெரியும். மகள் தாரணிக்கு அப்போது ஐந்து வயது. பாலர் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவை வரைந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பூனையை வரைந்திருந்தாள். ஓரத்தில் ஒரு சிவப்புக் கார்.

"அம்மா எங்கடா?" என்றேன்.

"காருக்குள்ள. ஜாம்ல இருக்கீங்க."

பூனைக்கு மீசைகூட இருந்தது. எனக்கு முகமே இல்லை.

மறுவாரமே என் மேலாளர் மிஸ் லிம்மிடம் போய் நின்றேன். சம்பளமில்லா விடுப்பு ஓராண்டு தரலாம், திரும்பி வந்தால் அதே மேசை, ஆனால் அக்டோபருக்குள் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும் என்றார். தாரணி முதலாம் ஆண்டுக்குப் போவதற்கு முன்னால் எனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஆண்டு அதுதான். விட்டால் போச்சு.

என் கணவர் கோபிக்குச் செம்பனை ஆலையில் கொதிகலன் பிரிவில் வேலை. அழுத்தம் எகிறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் தொழில். வீட்டிலும் அதே முகம்தான். நான் தயாரித்து வைத்திருந்த வரவுசெலவு அட்டவணையைக் கணினியில் காட்டினேன். 'அவசரம்' என்று ஒரு பக்கம், 'அவசரத்துக்கு அவசரம்' என்று இன்னொரு பக்கம், பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் அடித்து வைத்திருந்தேன். அவர் மூன்று நிமிடம் பார்த்தார்.

"கலரெல்லாம் நல்லாருக்கு. ஆனா மூணு மாசம் என் சம்பளத்துல மட்டும் குடும்பத்த ஓட்டிக் காட்டு. உன் சம்பளம் பேங்க்ல அப்படியே கிடக்கட்டும். யார்கிட்டயும் கை நீட்டக் கூடாது. முடிஞ்சா லீவு எடுத்துக்க. முடியலன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்."

"சரி. ஆனா அத்தைக்கு இப்ப தெரிய வேணாம்."

"ஏன்?"

"விண்ணப்பம் கொடுத்துட்டுச் சொல்லிக்கலாம். பயமா இருக்கு."

அத்தை என்றால் கோபியின் அம்மா ராணியம்மா. கோபி பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டத்தில், கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். நாற்பது வருடம் தோட்டத்தில் வேலை செய்து, வயதாகி அதை முடித்த மறுமாதமே தமிழ்ப்பள்ளி கேன்டீனில் சமைக்கப் போய்விட்டவர். "என் மருமக ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குறா" என்று மீன்காரனிடம்கூடச் சொல்லுவார். எங்கள் இரு வீட்டிலும் யாரும் ஆசைப்பட்டு வேலையை நிறுத்தியதில்லை. உடம்பு படுத்தால் நிற்பார்கள், துரை நிறுத்தினால் நிற்பார்கள். இந்த இரண்டிலும் சேராத ஒன்றை அவரிடம் எந்தத் தமிழில் சொல்வது?

ஆகவே ஜூலை முதல் தேதி இரகசியமாக எங்கள் ஏழ்மை தொடங்கியது.

முதலில் பெட்ரோல். எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்தே ரவாங்கிற்குப் போகும் ஒரு தோழியோடு தொற்றிக்கொண்டேன். என் கார் சும்மாதானே நிற்கிறது என்று தம்பி இரண்டு மாதம் கேட்டான், கொடுத்துவிட்டேன். அடுத்து என் தாலிக்கொடியின் கொக்கி உடைந்தது. பத்தரிடம் கொடுத்தேன், ஆனால் கூலியைச் செப்டம்பர் பக்கத்தில் போட்டுவைத்தேன். அதுவரை கழுத்தில் மஞ்சள் கயிறு. (மங்களகரமாக இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். அறிவு!)

கார் இல்லை, கழுத்தில் கயிறு. தோட்டத்து ஆட்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அட்டவணையில் ஒரு பக்கம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

அப்புறம் உபயம். தோட்டத்துக் கோயில் ஆடித் திருவிழாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எங்களுடையது இரண்டாம் நாள் அன்னதானம், பரம்பரையாக. அந்த வருடம் அது மட்டும் என் அட்டவணையில் சிவப்பாகவே நின்றது. எந்தப் பக்கத்தில் தள்ளினாலும் அந்தப் பக்கமும் சிவந்தது. இன்னொரு குடும்பத்தோடு பொறுப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பொருளாளர் முனியாண்டி மாமாவைப் பார்க்கப் போனேன். கோபி மோட்டாரில் இறக்கிவிட்டு நகர்ந்துவிட்டார்.

மாமா முன்னாள் லோரி ஓட்டுநர். பேசினால் நாலு லயத்து வீடுகளைத் தாண்டிக் கேட்கும். அதனால் நான் அவர் காதருகே போய்க் குசுகுசுத்தேன்.

"மாமா, இந்த வருசம் மட்டும் அன்னதானத்துக்குப் பதிலா நாங்க மோர் உபயம் எடுத்துக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"கார் எங்கம்மா?"

"இப்ப இல்ல மாமா."

"வேலை?"

அவருக்குப் பின்னால் யாரோ சூடம் கொளுத்தியிருந்தார்கள். எனக்குச் சூடப்புகை ஆகாது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"இப்போதைக்கு எதுவும் கேக்காதீங்க மாமா. மூணு மாசம் சமாளிச்சிட்டா போதும். அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்."

அவர் என் தலையில் கை வைத்தார். ஒரு மோர் உபயத்துக்கு இவ்வளவு அன்பா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் என் திட்டத்தின் வெற்றி என்றே நான் நம்பினேன். பாசிர் பெனம்பாங்கில் மீன் விற்கும் கோபியின் சித்தப்பா மகன், இரண்டு கிலோ கெம்போங் மீனைப் பையில் போட்டு, "காசெல்லாம் வேணாம் அண்ணி, போங்க லா" என்றான். தாமானில் தெரிந்த ஓர் அக்கா முட்டைத் தட்டு கொடுத்தார். கோபியின் பள்ளித் தோழன் வீடு தேடி வந்து, "தோள் கொடுக்க நாங்க இருக்கோம்டா" என்று கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். கோபிக்கு ஒன்றும் புரியவில்லை. "தண்ணி போட்டிருப்பான்" என்றார். ஆகஸ்டில் என் அட்டவணை முழுக்கப் பச்சை. சிக்கனம் என்பது ஒரு கலை என்று தோழியிடம் காரில் பாடம்வேறு நடத்தினேன்.

திருவிழா இரண்டாம் நாள். பகல் பன்னிரண்டு மணி வெயில். ஊர் ஊராகப் பிரிந்து போனவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், முந்நூறு பேராவது இருப்பார்கள். நான் மோர் வாளியோடு பந்தலில் நிற்கிறேன். இந்த வருடம் முறை மாற்றம் என்று மட்டும் அத்தையிடம் சொல்லியிருந்தேன். வழியை மறித்து நிற்கும் வெள்ளை லோரியை எடுக்கச் சொல்லி முனியாண்டி மாமா மைக்கில் அறிவித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பக்தர்களே, ஒரு முக்கியமான விசயம். நம்ம தோட்டத்துக் குடும்பம் ஒண்ணு பெரிய கஷ்டத்துல இருக்கு. அந்தப் பொண்ணுக்கு வேலை போயிருச்சு. கார இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. தாலிக்கொடி அடகுல இருக்கு."

பாவம், யாரோ என்று நினைத்தேன். நம்மால் ஆனதைக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அட்டவணையில் எந்தப் பக்கத்தில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மைக் தொடர்ந்தது.

"மானமுள்ள குடும்பம். வெளிய சொல்ல மாட்டாங்க. அதனால பேரைச் சொல்லி சங்கடப்படுத்த விரும்பல." ஒரு சிறு இடைவெளி. "ராணியம்மா மகன் கோபி, மருமக ஷாமினி, எங்கிருந்தாலும் உடனே அம்மன் சந்நிதிக்கு வரவும்."

மோர் என் காலில் கொட்டியது.

சந்நிதிக்கு முன்னால் பத்துக் கிலோ அரிசிப் பைகள் ஒன்பது அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். மேலே பணம் வைத்த ஓர் உறை. மைக்கில் பெயரைக் கேட்டுச் சமையல் கூடத்திலிருந்து அத்தை வந்துவிட்டார். கையில் பூசணிக்காய் வெட்டிய கத்தி.

"யாருக்குடா வேலை போச்சு?"

"அம்மா, கத்திய கீழ வைங்க," என்றார் கோபி.

உண்மையைச் சொல்லி மானத்தைக் காப்பாற்றுவோம் என்று நான் மைக்கை வாங்கினேன். வாழ்நாளில் நான் எடுத்த மோசமான முடிவுகளில் அதற்கு முதலிடம்.

"எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு வேலை போகல. நானாதான் விடப் போறேன். ஒரு வருசத்துக்கு."

முன்வரிசையில் ஒரு பெரியம்மா எழுந்தார்.

"உடம்புக்கு என்னம்மா?"

"நல்லாருக்கேன் பெரியம்மா."

"முழுகாம இருக்கியா?"

"இல்ல."

"அப்ப புருசன் அடிக்கிறானா?"

"ஐயோ, இல்ல!"

முந்நூறு பேரும் கோபியைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் கொசுவைக்கூடத் தயங்கி அடிக்கும் அந்த மனிதர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

"பின்ன என்னத்துக்கு?"

"பிள்ளையோட வீட்ல இருக்க."

"சும்மாவா?"

"சும்மாதான்," என்றேன். ஒலிபெருக்கி அதைச் செம்பனை மரங்கள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அரிசியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி முனியாண்டி மாமாவைக் கெஞ்சினேன். அவர் மறுத்துவிட்டார். "அம்மன் முன்னாடி குங்குமம் வச்சுக் கொடுத்தது. திரும்ப வாங்கினா தோட்டத்துக்கே ஆகாது." உறையை மட்டும் அங்கேயே உண்டியலில் போட விட்டார். ஒவ்வொரு பைக்கும் ஒருமுறை எங்கள் பெயரை மைக்கில் சொல்லிச் சொல்லி ஒன்பது பைகளையும் லோரியில் ஏற்றினார்கள்.

சாயங்காலம் அத்தை வீட்டில் உட்கார்ந்திருந்தோம். தாரணி அரிசிப் பைகளை அடுக்கி மலை ஏறிக்கொண்டிருந்தாள். கோபி மெதுவாகச் சொன்னார்.

"மீனு, முட்டை, இப்ப இது. யார்கிட்டயும் கை நீட்டக் கூடாதுன்னு சொன்னேன். லீவு போயிருச்சு ஷாமினி."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் தாங்கவில்லை. இந்த முறை சூடப்புகை இல்லாமலே எனக்குக் கண்ணீர் வந்தது. முழு விசயத்தையும் அத்தையிடம் சொன்னேன். படத்தில் எனக்கு முகம் இல்லாததையும் சொன்னேன்.

அத்தை கேட்டார்.

"ஒரு வருசம் போகாம இருந்தா மறுபடி எடுத்துக்குவாங்களா?"

"எடுத்துக்குவாங்க அத்தை. லெட்டர்ல எழுதியே தருவாங்க."

"அப்படி ஒண்ணு இருக்கா?" கோபியைப் பார்த்தார். "நீ பொறந்து நாப்பதாவது நாள் நான் விடியக்காலப் பெரட்டுல வேலைக்குப் பேர் கொடுக்கப் போய் நின்னேன். ரெஸ்ட் எடுத்தது போதுமான்னு கேட்டான் வேலை வாங்குற மண்டோர். நான் போதும்னு சொன்னேன்டா."

கோபி தரையைப் பார்த்தார்.

"அப்புறம், இவ கை நீட்டினதா சொல்றியே. இவ எங்க கைய நீட்டினா? மைக்க நீட்டினது முனியாண்டி. அதுக்கு இவ எப்படிப் பொறுப்பாவா?"

கொதிகலன் பார்ப்பவருக்கு எப்போது ஆவியைத் திறந்துவிட வேண்டும் என்று தெரியும். "சரி" என்றார்.

செப்டம்பரையும் முடித்தேன். விண்ணப்பம் கொடுத்தேன், மிஸ் லிம் கையெழுத்திட்டார். ஜனவரி முதல் திங்கட்கிழமை ஐந்து மணிக்கே எழுந்து, குளித்து, உடுத்தி, எங்கே போவது என்று தெரியாமல் கூடத்தில் நின்றேன். ஏழு மணிக்கு வாசலில் அத்தை, ஒரு துணிப் பையோடு.

"என்ன அத்தை, கேன்டீன் இல்லையா?"

"ஒரு வருசம் லீவுன்னு சொல்லிட்டேன். திரும்பி வந்தா அதே கரண்டி வேணும்னும் சொல்லிட்டேன்."

இரகசியமாக நான் கற்பனை செய்து வைத்திருந்த ஆண்டில் மாமியார் இல்லை. (அட்டவணையிலும் இல்லை.) ஆனால் இரயிலேறிக் கோலா குபு பாருவுக்குப் போனோம், அத்தை வாழ்க்கையில் முதல்முறையாக அணைக்கட்டைப் பார்த்து, "இவ்வளவு தண்ணிய வச்சிக்கிட்டா நம்ம குழாய்ல காத்து விடுறானுங்க?" என்று திட்டினார். தொண்ணூறு கிலோ அரிசியில் ஆறாம் மாதம் வண்டு வந்தது. மூவரும் வெயிலில் உட்கார்ந்து புடைத்தோம். தாரணி வண்டுகளுக்கெல்லாம் பெயர் வைத்தாள். ஒருநாள் அவளே என்னிடம், "நீங்க எப்பம்மா வேலைக்குப் போவீங்க?" என்று கேட்டாள். பூனையோடு விளையாட நான் விடுவதில்லையாம்.

நான் வேலைக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. அதே மேசைதான், ஜாமும் அதேதான். ஆனால் எங்கள் தோட்டத்து ஆட்களில் இப்போது யாருக்கும் வேலை போவதே இல்லை. குடித்துவிட்டு லோரியைக் கால்வாயில் இறக்கியவரை முதலாளி விரட்டினாலும், அவர் மனைவி, "அவரு இப்ப ஷாமினி லீவுல இருக்காரு" என்கிறார். படிப்பை நிறுத்திய பையன், கடையை மூடியவர், கல்யாணத்துக்குச் சம்மதிக்காத பெண், எல்லாருக்கும் ஷாமினி லீவு.

அத்தையும் இன்னும் அதில்தான் இருக்கிறார். ஓராண்டு முடிந்ததும் கேன்டீன் நடத்தும் அண்ணன் எப்போது வருவீர்கள் என்று கேட்டிருக்கிறார். "அது என் மருமக பேர்ல இருக்கிற லீவு. அவ சொல்லாம நான் எப்படி வர்றது?" என்று சொல்லிவிட்டார். அதனால் பள்ளி திறக்கும்போதெல்லாம் அந்த மனிதர் மரியாதையாக எனக்கு ஃபோன் செய்கிறார். பக்கத்தில் அத்தை உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"பரிசீலனையில் இருக்கிறது அண்ணே," என்கிறேன் நான்.