எண்ணூர்க் கூழைக்கடா வெளுத்த வரலாறு

2025 ஜனவரி 19, ஞாயிறு காலை ஏழு மணிக்கு எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு கூழைக்கடா நின்றிருந்தது. அதன் வயிறு கறுப்பாக இருந்தது.

இயற்கை அவசரக்காரி; எதையும் அரைகுறையாகத்தான் செய்வாள். அவள் விட்ட குறைகளைத் தீர்க்கவே டோல்கேட் பகுதியில், ஒரு செல்போன் கடை மாடியில், எங்கள் 'பறவைப் பட மேம்பாட்டு மன்றம்' இயங்குகிறது. நான் செயலாளர். உறுப்பினர் படத்தைத் திரையில் போடுவார். மற்றவர்கள் குறை சொல்வார்கள். நான் கணினியில் திருத்துவேன். திருத்தம் முடிந்ததும் மூலப்படத்தைக் கைதட்டலுக்கிடையே அழித்து, செல்போனின் குப்பைத்தொட்டியையும் காலி செய்வோம். பழைய பிழைக்கு யாரும் திரும்பிப் போகக் கூடாது என்பது விதி ஏழு.

அன்று மாலைக் கூட்டத்துக்கு அம்புரோஸ் வந்தார். கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். ஏதோ ஓர் ஆலையின் எண்ணெய் கலந்ததால் மூன்று வாரமாக வலை போடவில்லை. கழிமுகத்தைச் சுத்தம் செய்யக் கேட்டு மறுநாள் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கப்போகிறார். காலையில் படகிலிருந்து கூழைக்கடாவை எடுத்தவர் அவர்தான். படம் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"தெளிவா ஆக்கிக் குடு சார். மேல மெதந்ததெல்லாம் ஓதத்துல பூட்ச்சு. மிச்சம் அடிச் சேத்துல கீது. வெளிய தெரியிற கறுப்பு இந்தப் பறவ வயித்துல மட்டுந்தான். ஆபீசரு பாத்தா நம்பணும்."

தலைவர் ஜெகதீசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடிவானம் சாயுதே."

"படகு ஆடுச்சு சார்."

"பின்னால நீட்டமா என்னது?"

"புகைபோக்கி. அந்த ஆலதான்."

"பறவைக்குக் கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு. எடுத்துடுங்க."

எடுத்தேன்.

ராயபுரத்தில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் ஃப்ளோரன்ஸ், "தண்ணி கலீஜா இருக்கு. நல்ல நீலமா ஒண்ணு போடுங்களேன்" என்றார். போட்டேன்.

"அந்த வயிறு?" என்றார் தலைவர். "நிழல் ரொம்ப அடர்த்தி."

"நிழல் இல்ல நைனா, எண்ணெ! அத்தக் காட்டத்தான வந்துகீறேன்!"

"தம்பி, நல்ல படத்துக்கு விளக்கம் தேவைப்படக் கூடாது."

வாக்கெடுப்பு நடந்தது. வயிறு வெளுப்பதற்கு ஆதரவாகப் பதினோரு கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஒரு கை. அது உறுப்பினர் கை அல்ல என்பதால் எண்ணப்படவில்லை. படத்தை இறக்க வாங்கிய அம்புரோஸின் செல்போன் என்னிடமே இருந்தது. விதி ஏழு நிறைவேறியது. கைதட்டினோம்.

"அடப்பாவிங்களா, அது ஒண்ணுதான்யா கீது!" என்று கத்திவிட்டு அம்புரோஸ் இறங்கிப் போனார். 'பின்னூட்டம்' முதல்முறை கேட்பவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும்.

அதற்காக அவரைக் கைவிடுவோமா? மறுநாள் அவர் வெறும் மனுவை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நானே அலுவலகத்துக்குப் போய், சட்டம் போட்ட படத்தை அந்த மனுவோடு சேர்த்தேன். பதிலுக்கு மன்றத்தின் முகவரியைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கினேன்.

நாற்பதாம் நாள் பதில் வந்தது. 'இணைப்பிலுள்ள படத்தைக் கூர்ந்தாய்வு செய்ததில், நீர் நீலமாகவும் பறவை மாசற்றும் காணப்படுகிறது. மேல்நடவடிக்கை தேவையில்லை எனக் கருதி மனு முடித்துவைக்கப்படுகிறது.'

எங்கள் கலைக்கு அரசு அளித்த முதல் சான்று! அதன் நகலோடு எர்ணாவூரில் அம்புரோஸ் வீட்டுக்குப் போனேன். வாசலில் வலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். படித்து முடித்தார்.

"அந்தப் பறவ ரெண்டாம் நாளே செத்து ஒதுங்கிச்சு, தெரியுமா?"

"அடடா! படம் எடுத்தீங்களா?"

"நான் போறதுக்குள்ள நாயிங்க இழுத்துனு பூட்ச்சுங்க. எடுத்திருந்தாலும் இன்னா? உன் கையில சிக்குனா அத்தயும் உசுரோட பறக்க வுட்டிருப்ப."

படத்துக்கு மன்றத்தின் ஆண்டு முதல் பரிசு கிடைத்தது. வாங்க அம்புரோஸ் வரவில்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போகிறார். கழிமுகச் சேறு அப்படியே இருக்கிறது. படத்தின் கீழே, 'திருத்தியவர்' என்ற இடத்தில், என் பெயர் இருக்கிறது.