தூங்கிக்கொண்டே சைக்கிள் ஓட்டிய மாமா

ஒருவர் செத்துப்போன பிறகுதான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி நம்மைப் பிடுங்கித் தின்னும். என் தாய்மாமா இறந்தபோது எனக்கு அப்படி ஒன்று பாக்கி இருந்தது. ஓடுகிற சைக்கிளில் உட்கார்ந்தபடியே எப்படித் தூங்குவது?

(சிரிக்காதீர்கள். அந்தக் கேள்விக்காக நான் இடுப்பு ஒடிந்தவன்.)

எழுபதுகளில் எங்கள் பக்கம் சைக்கிள் வீரர்கள் வருவார்கள். மைதானத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, கால் தரையில் படாமல் நாள்கணக்கில் சுற்றுவார்கள். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. எந்த ஊரில் நடந்தாலும் மாமா என்னை அழைத்துப் போய்விடுவார். கூட்டத்தில் நின்றுகொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் பொதட்டூர்பேட்டையில் தானும் இப்படி ராத்திரி பகலாகச் சுற்றியதாகவும், தூக்கம் வந்தால் சைக்கிள் மேலேயே தூங்கிவிட்டதாகவும் சொல்வார். எப்படி என்று கேட்டால் தொழில் ரகசியம் என்பார். கடலை வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்துவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து, ரகசியத்தோடு போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லாத வீடு. அத்தை அழுது ஓய்ந்தபின் பேச்சையே குறைத்துக்கொண்டாள். நான் போனால் சோறு போடுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள்.

வருஷ திதி வந்தபோது நான் காக்களூரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உடம்பு வளர்ந்துவிட்டது, மூளை பின்னால் வந்துகொண்டிருந்தது. மாமாவின் நினைவாக, மாமாவின் சைக்கிளிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் நிற்காமல் சுற்றப்போவதாக அறிவித்தேன். பாசம் பாதி, எப்படித்தான் தூங்குவது என்று பார்த்துவிடும் ஆசை பாதி. அத்தையிடம் சொன்னபோது, "அவரு சைக்கிள்லயா?" என்று மட்டும் கேட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உருகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், முக்காலி மேல் மாமாவின் மாலை போட்ட படம். மைக் செட் வைத்திருந்த என் நண்பன் ஏழுமலை, வேப்பமரங்களில் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, "மாமாவின் சாதனையை மருமகன் தொடர்கிறார்" என்று காலையிலிருந்தே தொண்டை கிழியக் கத்தினான். ரயிலைவிட்டு இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

பதினொரு மணிக்கு மேல் வேறு இடம் காய்ந்தது. சீட் என்பது தோலால் செய்த ஒரு தண்டனை என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை.

மத்தியானம் அத்தை தயிர்சோற்றோடு வந்தாள். நான் மெதுவாக மிதிக்க, பக்கத்திலேயே நடந்து உருண்டை உருட்டிக் கொடுத்தாள். கூட்டம் கண்ணைத் துடைத்தது. இந்த உருக்கத்தை ஊருக்கே கேட்கவைக்க, ஏழுமலை நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு மைக்கோடு அவள் முதுகுக்குப் பின்னால் வந்தான். அது எங்கள் இருவருக்குமே தெரியாது.

"அத்த, சைக்கிள் மேலயே தூங்குவேன்னு மாமா சொல்வாரே. எப்டின்னு உங்கிட்டயாவது சொன்னாரா?"

"எங்க தூங்குனாராம்?"

"பொதட்டூர்பேட்டைல, போட்டியில."

"அங்க மைக் செட்டுல பாட்டு ரெக்கார்டு போட்டுக்கினு இருந்தாருடா. அந்த மனுசனுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது."

இது எல்லா ஸ்பீக்கரிலும் போனது. ரயில்வே பிளாட்பாரம்வரை போனது. அத்தையோ அதைக் கவனிக்காமல் தொடர்ந்தாள். "கண்ணாலம் ஆன புதுசுல என்னெப் பின்னால குந்தவெச்சிக்கினு நேரா ஏரிச்சேத்துல எறக்கினாரு. அன்னியிலேர்ந்து தள்ளிக்கினேதான் போவாரு. வெளிய சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

எனக்கு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. தினமும் ஸ்டேஷனுக்குத் தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன மாமா. என்னோடு வரும்போதும் தள்ளிக்கொண்டே வந்த மாமா. (பேசிக்கொண்டே நடக்கத்தான் என்று நம்பியிருந்தேன்.) திகைத்துப்போய் அத்தையின் பக்கம் திரும்பினேன். சைக்கிள் வட்டத்தை மறந்து நேராகப் போய் முக்காலியில் மோதியது. நான் கீழே, என் மேல் சைக்கிள், அதன் மேல் மாமா. கண்ணாடி உடையவில்லை. ஆனால் மாமாவின் மீசையில் தயிர்சோறு.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள். ஒரு வருஷத்துச் சிரிப்பு, நிறுத்த முடியாமல், அதுவும் மைக் வழியாகவே. பிறகு மைதானமே சிரித்தது.

சாதனை முடிந்துவிட்டது என்று நான் முனகியபோது, அத்தை சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். "எந்திரி. அவரு ஓட்டி யாரு பாத்தாங்க? தள்ளு."

பொழுது சாயும்வரை தள்ளினேன். அத்தை அந்தப் பக்கம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஊர்க்காரர்கள் கூடவே வந்து, ஏன் தள்ளிக்கொண்டு போகிறார் என்று கேட்டதற்கு மாமா தங்களிடம் சொன்ன காரணங்களைச் சொன்னார்கள். ஒருவரிடம் செயின் கழன்றதாம். இன்னொருவரிடம் டயர் தேயுமாம். மூன்றாமவரிடம், உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஒவ்வொன்றுக்கும் அத்தை நின்று நின்று சிரித்தாள். உயிரோடு இருந்தபோது தெரிந்ததைவிட அன்று மாமாவை எனக்கு அதிகம் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் ரகசியம் சொல்ல வாயெடுத்தாலும், "ஏழுமல எங்க கீறான்னு பாத்துக்கோ" என்று ஒரு குரல் வந்துவிடும். எனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட, அத்தை பெண்ணைத் தனியே அழைத்து, சுற்றும் முற்றும் ஏழுமலையைத் தேடிவிட்டுத்தான் காதில் ஏதோ சொன்னாள். பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தை என்ன சொன்னாள் என்று இத்தனை வருஷமாக என் மனைவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்து ஏழுமலையை அழைத்துப் போகாமல் விட்டுவிட்டேன்.