இருநூறு வருஷத்து அழுக்கு

"எதையும் தொடலையே?" என்று கேட்டுக்கொண்டேதான் க்ளெண்டா மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

"நானா? சேச்சே!" என்றார் மெர்வின். முதுகுக்குப் பின்னால் கட்டிய அவர் கையில் ஈரத்துணி ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பாக்கெட்டில் ஒரு பழைய டூத் பிரஷ்.

"கெல்லர் வீட்டு அலமாரி வந்தாச்சா?"

"மேடையிலதான் நிக்குது."

"அப்பாடா! லாரி லேட்டாயிடுமோன்னு காலையிலேர்ந்து எனக்கு உசுரே இல்ல. இந்தா, நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்துடுச்சு. எப்படி இருக்குன்னு பாரு."

மெர்வின் ஒரு கையால் வாங்கிப் படித்தார். பழம்பொருள் கண்காட்சியின் சிறப்புச் சொற்பொழிவு. பேசுபவர் டாக்டர் விட்லாக். தலைப்பு: 'துடைக்காதீர்கள்! கெல்லர் குடும்பத்து அலமாரியும் அதன் மேல் படிந்த இருநூறு வருஷத்து அழுக்கும்.'

மெர்வின் தலைப்பை இன்னொரு முறை படித்தார்.

மனுஷன் வாழ்நாள் முழுக்கப் பல் டாக்டராக இருந்தவர். கறை என்று ஒன்று கண்ணில் பட்டால் சுரண்டாமல் அவர் கை சும்மா இருக்காது. பிலடெல்ஃபியாவில் கிளினிக்கை மூடிவிட்டு இந்தச் சின்ன ஊருக்கு வந்த பிறகு மனைவி க்ளெண்டா பழம்பொருள் பித்துப் பிடித்து அலைய ஆரம்பித்தாள். அந்த உலகம் மெர்வினுக்குப் பிடிபடவே இல்லை. ஊரில் எல்லாரும் பொருளைத் துடைத்து விலை ஏற்றுவார்கள். இவர்களோ, அழுக்குதான் வயசுக்குச் சாட்சி, துடைத்தால் விலை போச்சு என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இது என்ன நியாயம்?

போன வருஷக் கண்காட்சியில், கூரை உச்சியில் காற்றுக்குச் சுழலுமே, அந்தச் செப்புச் சேவல் ஒன்று களிம்பு ஏறிப் பச்சையாக வந்திருந்தது. மெர்வின் டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளவென்று ஆக்கிவிட்டார். சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கமிட்டி முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டது க்ளெண்டாதான்.

"விட்லாக்கை வரவைக்க மூணு வருஷம் கெஞ்சியிருக்கேன், மெர்வின்" என்றாள் இப்போது. "அந்த அலமாரியை அவரே பார்த்ததில்ல. யாருமே பார்த்ததில்ல. கெல்லர் கிழவி அதை வீட்டை விட்டு வெளிய அனுப்பறதே இதான் முதல் தடவை. இந்த முறை ஏதாச்சும் சொதப்புச்சுன்னா கமிட்டியில எனக்கு இடமே கிடையாது. கையைப் பாக்கெட்டுலயே வெச்சுக்கோ. சரியா கண்ணு?"

கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். அந்த முத்தம்தான் மெர்வினை ரொம்பப் படுத்தியது. நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். வழக்கமாகப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண்காட்சி, அங்கே தரை பெயர்த்துப் போட்டிருந்ததால் இந்த வருஷம் தீயணைப்புப் படையின் மண்டபத்துக்கு வந்திருந்தது. மெர்வினுக்கு நாற்காலி போடும் வேலை. மேடைக்கு ஒரு நாற்காலி எடுத்துக்கொண்டு போனவர், திரைக்குப் பின்னால் அந்த அலமாரியைப் பார்த்தார். அப்படி ஓர் அழுக்கு! பாவம், பேச வருகிற பெரிய மனுஷர் இதன் பக்கத்திலா நிற்பார் என்று இரக்கப்பட்டுத்தான் ஒரு துடை துடைத்தார். அடியிலிருந்து அழகான நீலம் எட்டிப் பார்த்தது. அப்புறம் கை நிற்கவில்லை. இடுக்கெல்லாம் பிரஷ் போட்டார். கீழ் டிராயர் ஒன்று மட்டும் திறக்க மாட்டேன் என்றது. உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பளிச்சென்று முடித்தார்.

இப்போது அரை மணி நேரத்துக்குள் இருநூறு வருஷத்து அழுக்கைத் திரும்ப ஏற்ற வேண்டும்.

மெர்வின் சமையலறைக்கு ஓடினார். அங்கே தீயணைப்புப் படைக்காக நிதி திரட்டும் பெண்கள் சூப் விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரிய அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவள் வெர்னா.

"வெர்னா, கடுங்காப்பி இருக்கா?"

"இருக்கே. எவ்வளவு டாக்டர்?"

"ஒரு வாளி."

பட்டணத்திலிருந்து வந்தவர்களிடம் எதையும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது வெர்னாவின் கொள்கை. வாளி நிரம்பியது.

காப்பியை ஊற்றினால் கோடு கோடாக வழிந்ததே தவிர நிற்கவில்லை. அலமாரி மை பூசிய கண்ணோடு அழுத மாதிரி இருந்தது. போதாததற்கு ஈரத்தில் முன்னைவிட நன்றாகப் பளபளத்தது. மெர்வின் திரும்பவும் ஓடினார்.

"வெர்னா, தூசி வேணும்."

"என்னது?"

"தூசி. நல்ல, பழைய தூசி."

"பழசுக்கு எங்க போவேன்? நேத்து இங்க ஒரு கல்யாணம் நடந்துச்சு. பெருக்குற மெஷினுக்குள்ள குப்பை அப்படியே இருக்கு. எடுத்துக்குங்க."

மெர்வின் மெஷினின் பையைக் கிழித்து அலமாரி மேல் கவிழ்த்தார். குபுக்கென்று புகை மாதிரி எழும்பி, பாதி அவர் மூக்குக்குள் போனது, மீதி தரையில் விழுந்தது. அலமாரியில் ஒட்டியது ஒரு கைப்பிடிகூட இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"வெர்னா, ஒட்டுற மாதிரி ஏதாச்சும்..."

"கேக்குக்கு வெச்ச வெல்லப்பாகு இருக்கு. ஏன் டாக்டர், அங்க என்ன சமைக்கிறீங்களா?"

"கிட்டத்தட்ட."

பாகு வேலை செய்தது. பிரமாதமாக வேலை செய்தது. மேலே பாகு, அதன் மேல் குப்பை, அதன் மேல் வாளி அடியில் தங்கிய காப்பி வண்டல் என்று மெர்வின் பல்லுக்குச் சிமெண்ட் அடைக்கும் நிதானத்தோடு அப்பினார். ஒரே கோளாறு, கல்யாணத்தில் தூவிய ஜிகினாவும் குப்பையோடு சேர்ந்து வந்திருந்தது. அதைப் பொறுக்கி எடுக்கலாம் என்று குனிந்தபோது திரை விலகியது.

மெர்வின் வாளியை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மேடை ஓரமாகக் குதித்து, முதல் வரிசை ஓரத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு கை நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது.

டாக்டர் விட்லாக் உயரமானவர், வெள்ளைத் தாடிக்காரர். அலமாரியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மெர்வினும் வைத்துக்கொண்டார், வேறு காரணத்துக்காக.

"என் வாழ்நாள்ல..." என்றார் விட்லாக், குரல் தழுதழுக்க. "என் வாழ்நாள்ல இப்படி ஒரு அழுக்கை நான் பார்த்ததே இல்லை."

கூட்டம் கை தட்டியது. க்ளெண்டாவின் கன்னம் சிவந்தது.

"இந்த மினுமினுப்பைப் பாருங்க. இது என்ன தெரியுமா? அப்பிரகம், கல்லுல மின்னுமே, அந்த மைக்கா. பக்கத்து மலையில கல் உடைச்சவங்க கையில ஒட்டி வந்து, தலைமுறை தலைமுறையா இதுல படிஞ்சிருக்கு!"

ஜிகினா பெருமையோடு மினுங்கியது.

விட்லாக் மூக்கைக் கிட்டே கொண்டு போனார். "ஆஹா! அந்தக் காலத்துச் சமையலறை அப்படியே மணக்குது! காப்பி, வெல்லம், அடுப்புப் புகை. இந்த வாசனையை இன்னிக்கு யாராலயாவது உண்டாக்க முடியுமா?"

முடியும் என்று மெர்வினின் வாய் வரை வந்தது. மென்று விழுங்கினார்.

விட்லாக் கீழ் டிராயரை லேசாக அசைத்தார். கடகட. கண்ணை மூடிக் கேட்டார். "ஈயக் குண்டு. அமெரிக்கச் சுதந்திரப் போர்ல சுட்டது போக மிஞ்சினது. தயவுசெஞ்சு யாரும் திறக்காதீங்க. அந்தச் சத்தத்தைக் கெடுக்கிற உரிமை நமக்கு இல்லை."

இரண்டாவது வரிசையில் ஓர் அம்மாள் விம்மினாள்.

அதோடு விட்டிருக்கலாம். விட்லாக் ஒரு விரலால் அலமாரியை வழித்து நாக்கில் வைத்தார். மெர்வின் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல்ல கசப்பு" என்றார் விட்லாக். "அப்புறம் மெல்ல ஒரு தித்திப்பு. அசலான ஆயிரத்து எழுநூறுகள். என் நாக்கு இதுவரை பொய் சொன்னதில்லை. நீங்களும் வாங்க, வரிசையா வாங்க. ஒரு விரலுக்கு மேல வேண்டாம்."

மனுஷர்கள் வரிசையில் நின்று அழுக்கை நக்கினார்கள். நல்ல கோட்டு போட்டவர்கள், முத்துமாலை போட்டவர்கள், எல்லாரும்தான். "எங்க ஊர் கேக் மாதிரியே இருக்கே" என்றார் ஒரு கிழவர். "கேக்குதான் இது மாதிரி இருக்கு" என்று திருத்தினார் விட்லாக். சிலர் இரண்டாம் முறையும் வரிசையில் நின்றார்கள்.

பெரிய மியூசியம் ஒன்றின் அதிகாரி மிஸ் ஆப்ரி மடியில் ஒரு குட்டைக்கால் நாயோடு உட்கார்ந்திருந்தாள். அது துள்ளி மேடையேறி அலமாரியின் காலை நக்க ஆரம்பித்தது. தூக்கினால் வர மறுத்தது.

"பாருங்க, நாய்க்குக்கூடத் தெரியுது!" என்றார் விட்லாக்.

நாயை இழுத்துக்கொண்டே ஆப்ரி எழுந்தாள். "க்ளெண்டா, இனிமே பேச்சே கிடையாது. இது எங்க மியூசியத்துக்கு வந்தாகணும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள, நுழைஞ்சதும் முதல் அறையில. கீழே உங்க பேரும் இருக்கும், கண்டெடுத்துக் கொடுத்தவர்னு."

க்ளெண்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் இப்படிச் சந்தோஷப்பட்டு மெர்வின் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் எறும்பு வரும் நாள் ஒன்று வருமே! அன்றைக்கு அந்தப் பெயருக்குக் கீழேதானே எறும்பு ஊரும்?

மெர்வின் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது.

"நான்தான் துடைச்சேன்" என்றார்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"அழுக்கையெல்லாம் நான்தான் துடைச்சுட்டேன். இப்ப இருக்கறது நான் போட்டது. காப்பி, வெல்லப்பாகு, நேத்துக் கல்யாணத்துக் குப்பை. அந்த மினுமினுப்பு ஜிகினா."

"இவர் பொறாமையில பேசறார்" என்றார் விட்லாக். "என் நாக்கு..."

"உங்க நாக்கு மேல எனக்கு ரொம்ப மரியாதை சார். நாக்குகளோடயே வாழ்ந்தவன் நான். ஆனா பாருங்க." டூத் பிரஷை எடுத்து நீட்டினார். அதன் மயிர் முழுக்கக் கரேல் என்றிருந்தது. "வெர்னா! உங்க பாகை யார் காலி பண்ணினா?"

சமையலறை ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வந்தது. "நீங்கதான் டாக்டர்! கேக் இல்லாம ஜனங்க என்னைத் திட்டுறாங்க!"

இரண்டு முறை நக்கியவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். ஆப்ரி நாயின் வாயைத் துடைத்தாள். விட்லாக் அலமாரியையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெர்வின் எடுத்து வந்து போட்ட நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

க்ளெண்டா மெர்வினின் பக்கத்தில் வந்து நின்றாள். கத்தவில்லை. "இருநூறு வருஷம், மெர்வின்" என்றாள், ரொம்பச் சின்னக் குரலில். "கெல்லர் குடும்பத்துக்காரங்க இருநூறு வருஷமா ஒரு துணி படாம காப்பாத்தியிருக்காங்க. உன்னால அரை மணி நேரம் முடியலையா?"

மெர்வின் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

பக்கவாட்டுக் கதவு தடாலென்று திறந்தது. தீயணைப்புப் படைச் சட்டை போட்ட ஒரு தடியன், கம்பளியால் சுற்றிய ஆளுயரப் பொருள் ஒன்றைத் தள்ளுவண்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான்.

"மன்னிச்சுக்குங்கம்மா, வழியில லாரி டயர் வெடிச்சுப்போச்சு. கெல்லர் வீட்டு அலமாரியை எங்க இறக்கறது? மேடையிலதான்னா, அங்க நிக்கற எங்க பழைய அலமாரியைக் கொஞ்சம் ஓரம் தள்ளுங்க. பார்த்து, மெதுவா. கீழ் டிராயர்ல சாயங்கால பிங்கோ ஆட்டத்துக்கு வேண்டிய நம்பர் பந்தெல்லாம் இருக்கு."