முழு மனிதர்கள் நாற்பது பேர் தேவை

சங்ககிரிக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு கோழியியல் கல்லூரி இருக்கிறது. இடங்கள் நாற்பது. விண்ணப்பங்கள் ஒன்பதாயிரம். மீதி எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பேரை எப்படி மரியாதையாகத் திருப்பி அனுப்புவது என்பதுதான் அக்கல்லூரியின் தலையாய ஆராய்ச்சி. அந்த வேலையை நானூறு மதிப்பெண்ணுக்கான நுழைவுத் தேர்வு ஒன்று பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் செய்துவந்தது.

போன வருடம் கல்லூரி முதல்வர் சந்திரசேகர் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். வந்த மறுநாளே சுற்றறிக்கை வெளியானது.

‘மதிப்பெண் மனிதரை அளக்காது. ஆகவே இவ்வாண்டு முதல் மாணவர் சேர்க்கை, முழு மனிதர் மதிப்பீட்டு முறையில் நடைபெறும். நுழைவுத் தேர்வு மதிப்பெண் கருத்தில் கொள்ளப்படாது. எனினும் தேர்வு எழுதியிருத்தல் கட்டாயம்.’

இதைப் படித்து ராசிபுரத்தில் ஒருவர் கண்கலங்கினார். அவர் முட்டை மொத்த வியாபாரி ஹபீப். அவர் மகள் ஷைமா நானூறுக்கு நூற்று முப்பத்தொன்று வாங்கியிருந்தாள். விவரமில்லாத பெண் அல்ல. சிறு வயதிலிருந்து அத்தாவோடு பண்ணை பண்ணையாகப் போனவள். ஷெட்டு வாசலில் நின்று காது கொடுத்தாலே உள்ளே எந்த வரிசையில் சீக்கு என்று சொல்லிவிடுவாள். தேர்வில் அவளைக் கவிழ்த்ததும் அதுதான். ‘கோழி தீவனம் எடுக்காததற்குக் காரணம் என்ன?’ என்று கேட்டு நான்கு விடை கொடுத்திருந்தார்கள். ஷைமாவுக்குப் பதினோரு காரணம் தெரியும். பதினொன்றையும் நான்குக்குள் எப்படி அடைப்பது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அதே தெருவில் மோகன்குமார் முன்னூற்றுத் தொண்ணூற்றாறு. அவன் கோழியைத் தட்டில்தான் பார்த்திருக்கிறான்.

முழு மனிதர் என்று நிரூபிக்க மூன்று வேண்டும் என்றது சுற்றறிக்கை: வாழ்வில் விழுந்து எழுந்தது பற்றி ஒரு கட்டுரை, ஒரு நேர்காணல், விழுந்தது உண்மைதான் என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கும் தோல்விச் சான்றிதழ்.

கிராம நிர்வாக அலுவலர் உஷாராணி விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எதுலம்மா தோல்வி?”

“நுழைவுத் தேர்வுலங்க மேடம். நூத்தி முப்பத்தொண்ணுதான்.”

“அந்த மார்க்கைக் கருத்தில் கொள்ளக் கூடாதுன்னு சுற்றறிக்கையே வந்திருக்கு. கருத்தில் கொள்ளாத மார்க்குல எப்படித் தோக்க முடியும்?”

ஹபீப் குறுக்கிட்டார். “ஏனுங்க மேடம், புள்ள மூணு நாள் சோறு திங்கலைங்க.”

“அது சோகம். சோகத்துக்கு வேற ஃபாரம். தாலுகா ஆபீஸ்ல கேளுங்க.”

‘நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தித் தாளை நீட்டினார். ஷைமா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மேடம், தோல்விச் சான்றிதழ் கேட்டேன், அதுலயும் தோத்துட்டேன். இப்பக் குடுக்கலாமுங்களா?”

உஷாராணி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தடை ஏதும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இதற்கிடையில், நாமக்கல்லில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி நடத்தும் கண்ணுசாமி சும்மா இருக்கவில்லை. ஒரே பகலில் பலகையை மாற்றினார்: ‘நாற்பத்தைந்தே நாளில் முழு மனிதர் ஆகலாம். உங்கள் தோல்விக்கு நாங்கள் பொறுப்பு.’ முதல் ஆளாகச் சேர்ந்தவன் மோகன்குமார்.

“எதுலயாச்சும் தோத்திருப்பியே சாமி?” என்றார் கண்ணுசாமி.

“இல்லீங்க சார்.”

“ஓட்டப் பந்தயம்?”

“மொதல் பரிசுங்க.”

“சைக்கிள்ல இருந்தாவது விழுந்திருப்பியே?”

“படிப்பு கெட்டுருமுன்னு ஊட்டுல சைக்கிளே வாங்கித் தரலைங்க.”

“அதையே எழுது! அதான் உன் வறுமை.”

காலையில் விழும் வகுப்பு, மாலையில் எழும் வகுப்பு. வாரக் கடைசியில் மாதிரித் தேர்வு. விழுவதில் மோகன்குமார் நூற்றுக்கு நூறு.

நேர்காணல் தொடங்கியது. முதலில் வந்த பையன், ஏழு வயதில் தான் வளர்த்த மணி என்ற கோழிக்குஞ்சு மடியிலேயே உயிர் விட்டதைச் சொல்லி விம்மினான். குழுவும் விம்மியது. இரண்டாவது பெண்ணின் குஞ்சுக்கும் மணி என்றுதான் பெயர். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மணி பத்தொன்பது முறை இறந்துபோனது. பாதி மனிதர் ஒருவர்கூட வரவில்லை. கண்ணீருக்கு இருபது, தொண்டை அடைப்புக்கு முப்பது, மணிக்கு ஐம்பது என்று சந்திரசேகர் அட்டவணை போட்டார். அதுவரை வந்த எல்லோரும் நூறு வாங்கினார்கள்.

ஷைமாவின் முறை வந்தது. அவள் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் காது கொடுத்து நின்றாள். வெளியே இருந்தது கல்லூரியின் சொந்தக் கோழி ஷெட்டு.

“விழுந்து எழுந்த கதையைச் சொல்லும்மா” என்றார் சந்திரசேகர்.

“சார், உங்க கோழிங்க மூச்சு விடறதே சரியில்லைங்க. வடக்கு மூலையில நாலஞ்சு இருக்கும். இன்னிக்கே பிரிச்சு வெச்சுருங்க. இல்லாட்டி ஷெட்டே காலியாயிரும்.”

“அது கேள்வியில இல்லையேம்மா. குஞ்சு ஏதாச்சும் செத்திருக்கா?”

“இன்னும் இல்லைங்க சார். ரெண்டு நாள்ல சாகும்.”

கண்ணீர் இல்லை, தொண்டை அடைப்பு இல்லை, மணி இல்லை என்று குழு குறித்துக்கொண்டது.

கடைசியில் நாற்பது இடத்துக்கு நூறு வாங்கியவர்கள் ஆறாயிரம் பேர். சமநிலை ஏற்பட்டால் நுழைவுத் தேர்வு மதிப்பெண்படி முடிவு செய்யலாம் என்று விதி பதினான்கில் ஓர் ஓரத்தில் இருந்தது. சந்திரசேகர் குழுவைச் சமாதானப்படுத்தினார்: “நாம அதைக் கருத்தில் கொள்ளலை. பார்க்க மட்டும்தான் செய்யறோம்.” பட்டியலில் மோகன்குமார் முதலிடம்.

நேர்காணல் அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் ஷைமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஹபீப் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ராசிபுரம் நெருங்கும்போது அவள் சொன்னாள்.

“பாவமுங்க அத்தா, அந்தக் கோழிங்க.”

ஐந்தாம் நாள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. பாதி ஷெட்டு காலி. ஷைமா போய் ஒரு வாரம் அங்கேயே கிடந்து மீதியைக் காப்பாற்றினாள். அவளை விட்டுவிடக் குழுவுக்கு மனமில்லை. ஆனால் மாணவியாகச் சேர்க்க விதி இடம் கொடுக்கவில்லை. கடைசியில் சந்திரசேகரே வழி கண்டுபிடித்தார்: மாணவியாகச் சேரத்தான் மதிப்பெண் வேண்டும்; சொல்லிக் கொடுக்கிறவருக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. ஷைமா தற்காலிகச் செய்முறைப் பயிற்றுநர் ஆனாள்.

முதல் வகுப்பில் மோகன்குமார் ஒரு கோழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயங்கினான். “மேடம், இதுல முன்பக்கம் எது?”

“கொத்தற பக்கம்” என்றாள் ஷைமா.

இந்த வருடம் சேர்க்கைக் குழுவில் அவளையும் போட்டார்கள். அவள் தன் கட்சியைத் தெளிவாகச் சொன்னாள்: கட்டுரை வேண்டாம், கண்ணீர் வேண்டாம். ஆளுக்கொரு கோழியைக் கையில் கொடுப்போம், அதற்கு என்ன என்று சொல்லட்டும். ‘நேரடிக் கோழி மதிப்பீடு’ என்று சுற்றறிக்கை பறந்தது.

முதல் நாள் நன்றாகப் போனது. நாற்பத்தாறு பேரைத்தான் பார்க்க முடிந்தது என்றாலும், அதில் ஆறு பேர் அசல். ஷைமாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதற்குள் நாமக்கல்லில் கண்ணுசாமி பயிற்சிக்கு ரப்பர் கோழிகளை இறக்கிவிட்டார். இரண்டாம் நாள் வந்த எல்லோரும் கோழியை ஒரே மாதிரி பிடித்தார்கள், ஒரே பக்கம் தலையைச் சாய்த்தார்கள், ஐந்து எண்ணிவிட்டு, “மூச்சு சரியில்லைங்க மேடம்” என்றார்கள். தெம்பாக இருந்த கோழிகள்கூடச் சந்தேகத்தோடு பார்த்தன.

மூன்றாம் நாள் வரிசை மெயின் ரோட்டைத் தொட்டது. கை மாறி மாறிக் கோழிகள் சோர்ந்து படுத்துவிட்டன. இன்னும் எட்டாயிரத்து எழுநூறு பேர். ஷைமாவுக்குக் கை வலித்தது, தலை சுற்றியது. சந்திரசேகரைக் கூப்பிட்டாள்.

“சார், முன்னூத்தம்பதுக்கு மேல மார்க் எடுத்தவங்க மட்டும் நில்லுங்கன்னு சொல்லிருங்க.”

மைக்கில் அறிவித்தார்கள். வரிசை பாதிக்கு மேல் கலைந்தது. நுழைவுத் தேர்வில் எழுபது வாங்கிய ஒரு பெண் மட்டும் போகிற போக்கில் ஷைமாவின் மேசை அருகே ஒரு நொடி நின்றாள்.

“அக்கா, உங்க கையில இருக்கறதுக்கு எடது கண்ணு தெரியாதுங்க” என்றாள்.

ஷைமா குனிந்து, கோழியின் இடது கண்ணுக்கு நேராக விரலை ஆட்டிப் பார்த்தாள். அது இமைக்கவில்லை. அவள் நிமிர்வதற்குள் அந்தப் பெண் பஸ் ஏறிவிட்டிருந்தாள்.

“அடுத்தவங்க வாங்க” என்றார் சந்திரசேகர்.