கடைசிச் சப்பரம் வரும்வரை

உலகத்தில் ரகசியம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று முழு மனதோடு நம்பிய ஒரே மனிதர் எங்கள் மைக்செட்தான். திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஏதாவது இருக்கும். அவருடைய மனைவியே, "மைக்செட்டு சாப்பிட வரலையா?" என்றுதான் கடைக்கு ஆள் அனுப்புவார்.

பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலும், பேருந்து நிலையத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். ஒரு துக்க வீட்டில் அவர் காதோடு காதாகச் சொன்ன ஆறுதலைக் கேட்டு, கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் கைப்பேசியில் அழைத்தால் எங்கள் தெருக்காரர்கள் அதை எடுப்பதே இல்லை. ஜன்னலைத் திறந்துகொள்வார்கள்.

இந்த மனிதரோடு நான் வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போக நேர்ந்தது என் வாய்க்கொழுப்பால். என் மகளுக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தோம். டாக்டரம்மா வெளியே வந்து, கொஞ்சம் சிக்கல், வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆளுக்கொரு பொருத்தனை செய்தோம். என் மனைவி ரெஜினா வெள்ளியில் தொட்டில் வாங்கிவைப்பதாகச் சொன்னாள். சம்பந்தியம்மா தன் கணவருக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார். அவரைக் கேட்கவில்லை. என் முறை வந்தபோது பதற்றத்தில் வேறெதுவும் தோன்றாமல், "சைக்கிள்லயே வாரேன் தாயே, வழியில ஒரு வண்டியிலயும் கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சைக்கிள் எங்கிருந்து வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். சிரிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து என் தொந்தியைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்.

ரெஜினா மட்டும் கறாராகச் சொல்லிவிட்டாள். "நடுவுல வண்டியில ஏறுனீகன்னா மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாக. நான் சொல்லுவேன்."

மாசி மாதம் எங்கள் தெருக்காரர்கள் ஒரு டஜன் பேர் சேர்ந்து கிளம்பினோம். சாமான்களுக்கு ஒரு குட்டியானை வண்டி, அதை ஓட்டச் சகாயம். விடியலில் கோயில் வாசலில் கூடியபோது மைக்செட் வந்து சேர்ந்தார். சைக்கிளின் பின்பக்கம் குழாய் ஸ்பீக்கர், நடுக்கம்பியில் ஆம்ப்ளிஃபயர், முன்கூடையில் பேட்டரி. சைக்கிள் அடியில் எங்கோ இருந்தது.

"உங்களுக்கு என்ன பொருத்தனை?" என்று கேட்டேன்.

"எனக்கென்னண்ணே. இம்புட்டுப் பேரு போறீக, சத்தமில்லாமப் போனா நல்லாவா இருக்கும்?"

அவருடைய தொழில் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் கோயில் திருவிழாவில் இரவில் சப்பரங்கள் ஊரைச் சுற்றி வரும். கடைசிச் சப்பரம் திரும்ப விடிந்துவிடும். அதற்குள் கூட்டம் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கும், பந்தலில் ஒரு நாய் மட்டும் இருக்கும். மைக்செட் அந்த நாய்க்கு அறிவித்துக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டால், "தோள் குடுத்துத் தூக்கி வாரவனுக்கு இந்தச் சத்தந்தாண்ணே தெம்பு. இது நின்னுச்சுன்னா தோள்பட்டை வலிக்க ஆரம்பிச்சுரும்" என்பார். கடைசிச் சப்பரம் வராமல் மைக்கை அணைத்தார் என்ற பேச்சே கிடையாது.

அன்றைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கடைசிச் சப்பரம் யார் என்பது தெரிந்துவிட்டது. எதிரே கீழ்க்காற்று. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கிழித்துப் போனார்கள். என் உடம்பு அதை வாங்கி வைத்துக்கொண்டது. மைக்செட் கூட்டத்தோடு முன்னால் போய் ஒவ்வொரு ஊரிலும் நின்று, நான் வந்து சேரும்வரை அறிவிப்பது என்று ஏற்பாடு. ஏற்பாட்டை அவரே செய்து அவரே ஒப்புக்கொண்டார்.

சாணார்பட்டிக்கு முன்னால் ஒரு சின்ன ஊர். நான் போய்ச் சேர்ந்தபோது சாலையோரம் குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். "அன்பார்ந்த பெருமக்களே, திண்டுக்கல் மாநகரிலிருந்து புறப்பட்ட மாபெரும் மிதிவண்டிப் பேரணி இதோ உங்கள் வீதியில்" என்று ஸ்பீக்கர் முழங்கிக்கொண்டிருந்தது. மாபெரும் பேரணி டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது.

பெண்களில் ஒருத்தி, தொந்தியைப் பார்த்து நான்தான் தலைவர் என்று முடிவு செய்துவிட்டாள். "ஓட்டுக் கேக்க மட்டும் வாரீக. தண்ணி வந்து எத்தனை நாளாச்சுன்னு தெரியுமா?"

நாங்கள் அந்த ஆட்கள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மைக்செட் மைக்கை அவளிடமே நீட்டிவிட்டார். அவள் விடவில்லை. தண்ணீர் தொட்டிக்குப் பொறுப்பானவரை முறை சொல்லிக் கூப்பிட்டு, எந்தத் தெருவில் எந்த வீட்டில் படுத்திருக்கிறார் என்பதையும் சொல்லி, எழுந்து வரச் சொன்னாள். அவர் சட்டைப் பித்தானைத் தப்புத்தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து தொட்டியைத் திறந்துவிட்டார். நாங்கள் ஊரைத் தாண்டும்போது குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் நான் நின்றால் இன்றைக்கும் ஜெயித்துவிடுவேன்.

கோபால்பட்டியில்தான் என் குடும்ப விஷயம் வெளியே வந்தது. தூரத்தில் வரும்போதே கேட்டது. "அருமைப் பேத்தியின் சுகமான பிறப்புக்காக, வழியில் ஒரு வாகனத்திலும் கால் வைப்பதில்லை என்ற கடும் பொருத்தனையோடு, மூச்சு வாங்க வந்துகொண்டிருக்கிறார் நமது ஜோசப் அவர்கள். சற்றுப் பொறுமை காக்கவும்."

இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"சுகப்பிரசவமா, ஆபரேசனா?"

"ஆபரேஷன்தாம்மா."

"தாய்ப்பால் இருக்கா?"

எனக்கு எதை எந்த அளவுக்குச் சொல்வது என்று தெரியவில்லை. "எல்லாம் இருக்கு" என்றேன். ஒரு அம்மா கொய்யாப்பழம் கொடுத்தார். இன்னொரு அம்மா பக்கத்துக் கடையில் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி வந்து என் கையில் திணித்தார். "எம் மருமகளுக்கு இது ஏழாம் மாசம் அப்பு. மாதாகிட்டச் சேத்து வேண்டிக்கங்க. பழநிக்கு நடந்து போனவுககிட்டயும் சொல்லி விட்டுருக்கேன். எதுக்கும் இருக்கட்டும்." கொஞ்ச தூரம் போனதும் திரும்பி வந்து, "நீங்களும் வண்டியில ஏறாமப் போவணும், ஆமா" என்றார்.

அதிலிருந்து ஊருக்கு ஊர் இதே கதைதான். நத்தம் போவதற்குள் என் பை நிறைந்துவிட்டது. உப்பு, மிளகு, மெழுகுவர்த்திகள், மரத்தில் செய்த குட்டித் தொட்டில் ஒன்று. மூட்டுவலிக்கு ஒருவர், மகனின் துபாய் விசாவுக்கு ஒருவர், மாமியார் மனம் மாற ஒருத்தி. ஒரு பேத்திக்காகக் கிளம்பியவன் பாதி வட்டாரத்தின் பாரத்தைச் சுமந்துகொண்டு மிதித்தேன். இனி நான் வண்டியில் ஏறினால் அந்த ஏழாம் மாதக்காரிக்கும் சேர்த்து வாக்குத் தவறியவனாவேன். இதற்கெல்லாம் காரணமான மைக்செட்டை நத்தம் வரைக்கும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

நத்தத்தில் அவர் ஒரு மணி நேரம் காணாமல் போனார். அங்கே ஒரு காதுகுத்து வீட்டில் வேறொருவருடைய ஸ்பீக்கர் ஊளையிட்டுக்கொண்டிருந்ததாம். பொறுக்க முடியாமல் உள்ளே போய், வேப்பமரத்தில் ஏறி, குழாயைத் திருப்பி வைத்து, இறங்கும்போது அந்த வீட்டுக்காரர்கள் அவரை மாமன் வழிச் சொந்தம் என்று நினைத்துப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். கறிக்குழம்பு, ரெண்டு வெஞ்சனம். சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதியவர்களின் பெயரையெல்லாம் மைக்கில் வாசித்துவிட்டு வந்தார். "சும்மா சாப்புட்டு எந்திரிக்கலாமாண்ணே" என்றார்.

அந்தத் தாமதத்தில் நான் முதல்முறையாக அவரை முந்தினேன். அந்தச் சந்தோஷம் செத்த நேரந்தான். பின்னாலிருந்து வந்து, "சப்பரம் நல்லா ஆடி வருது" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

நத்தத்துக்கு அந்தப்புறம் சாலை ஏறி ஏறி இறங்கியது. வெயில் சாயத் தொடங்கியும் காற்று ஓயவில்லை. தொடையில் நரம்பு இழுத்தது. இறங்கிச் சைக்கிளை ஒரு புளியமரத்தில் சாய்த்தேன். அன்றைய தங்கலுக்குச் சிங்கம்புணரியில் ஒரு கல்யாண மண்டபம் சொல்லியிருந்தோம். அது அமெரிக்காவில் இருப்பதுபோல் இருந்தது.

பின்னால் ஊர்ந்து வந்த குட்டியானையைச் சகாயம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். "ஏறுங்கண்ணே. ஊருக்கு முன்னால எறக்கி விட்டுர்றேன். மிதிச்சு வந்த மாரி வந்து சேருங்க."

கதவைப் பிடித்தேன். அப்போது காற்றில் மிதந்து வந்தது. "கடைசிச் சப்பரம் இதோ வந்துகொண்டிருக்கிறது. பெருமக்கள் யாரும் கலைந்து செல்ல வேண்டாம். பொருத்தனைக்காரர் ஜோசப் அவர்கள்..." அவ்வளவுதான். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. நாள் முழுவதும் கத்திய பேட்டரி தீர்ந்துவிட்டது.

அந்த அமைதியில்தான் என் கால் வலி முழுவதும் எனக்குத் தெரிந்தது. சாலையில் யாரும் இல்லை. சகாயம் மெதுவாக, "இனி யாருக்குண்ணே தெரியப் போவுது" என்றான். படியில் வைக்க ஒரு காலைத் தூக்கினேன். பை தோளில் கனத்தது. காலைத் தூக்கியபடியே நின்றேன். கீழே வைக்கவும் தெம்பில்லை, மேலே வைக்கவும் மனமில்லை.

அப்போது அந்தக் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் இல்லை, வெறும் தொண்டையில். ஏற்றத்தின் உச்சியில் ஒரு புள்ளி தெரிந்து, சைக்கிளாகி, மைக்செட் ஆனது. போன வழியெல்லாம் அத்தனை பாரத்தையும் வைத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒரு கையை வாயோரம் குவித்துக்கொண்டு வயல்களைப் பார்த்துக் கத்தினார். "இதோ பாருங்கள் பெருமக்களே, மனம் தளராத நமது ஜோசப் அவர்கள்." பெருமக்கள் என்று அங்கே இருந்தவை நாலைந்து வெள்ளாடுகள்.

காலைக் கீழே வைத்தேன்.

"மைக்குத்தான் போச்சுல்ல. எதுக்கு இம்புட்டு தூரம் திரும்பி வந்தீங்க?" என்றேன்.

"சப்பரம் வரலையேண்ணே" என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

மீதி வழி முழுவதும் அவர் எனக்கு முன்னால் மிதித்தார். தென்னந்தோப்பு வந்தால் தென்னைக்கு அறிவித்தார். செங்கல் சூளை வந்தால் சூளைக்கு அறிவித்தார். எதிரே வந்த பேருந்தை ஒதுங்கச் சொன்னார், ஓட்டுநரும் ஒதுங்கிக் கும்பிட்டார். கொட்டாம்பட்டியில் ஒரு பூக்காரம்மா எழுந்து நின்று இரண்டு முழம் மல்லிகையை என் ஹேண்டில்பாரில் சுற்றிவிட்டார். மைக்செட்டின் குரல் கரகரத்து, உடைந்து, பிறகு பாதி காற்றாகிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. என் கால் வலியைக் காணோம். இருட்டும் நேரத்தில் மண்டபத்துக்குள் நுழைந்தோம். எங்கள் ஆட்கள் குளித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். மைக்செட் வாசலில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், சப்பரம் நிலை சேர்ந்துவிட்டது, அனைவருக்கும் நன்றி என்று அறிவித்துவிட்டுத்தான் சைக்கிளை விட்டு இறங்கினார்.

மறுநாள் காலை அவருக்குப் பேச்சு வரவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியாகிவிட்டது, தொண்டைக்கு ஏற்ற வழியில்லை. மைக்கை எங்களிடம் நீட்டினார். ஆளாளுக்கு முயன்றோம். "வணக்கம்" என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் வரவில்லை. மீதி நாட்கள் ஊர் ஊராகச் சத்தமில்லாமல் கடந்தோம். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை, எவரும் கொய்யாப்பழம் தரவில்லை. அவர் என் பக்கத்திலேயே மிதித்து வந்தார். நான் இறங்கும்போதெல்லாம் கையை வாயோரம் குவித்துக் காட்டுவார். நான் ஏறிவிடுவேன்.

ஒரு வண்டியிலும் கால் வைக்காமல் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தேன். பையைத் திறந்து ஒவ்வொன்றாக மாதா முன்னால் வைத்தேன். பேத்திக்கு, கோபால்பட்டி அம்மாவின் மருமகளுக்கு, மூட்டுவலிக்கு, துபாய் விசாவுக்கு, மாமியார் மனம் மாறுவதற்கு. பட்டியலில் இல்லாத ஒரு தொண்டைக்கும் தனியாக ஒரு மெழுகுவர்த்தி வாங்கினேன். ரெஜினாவுக்குத் தெரிய வேண்டாம், அதைத்தான் முதலில் ஏற்றினேன்.