தலைவர் குடித்த டம்ளர்

எங்கள் குடும்பத்தில் விக்கிரகத்தை எதிர்த்து என்னைப் போல் தொண்டை கிழியப் பேசியவன் எவனும் கிடையாது. வீட்டுக்குள் ஒரு விக்கிரகத்தை வைத்துக் கும்பிட்டவனும் நான் ஒருவன்தான். (இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தது என்று என் மனைவி சொல்லித் திரிகிறாள். பொய். இரண்டும் வெளிப்பட்டது ஒரே நாளில், ஒரே அறையில்.)

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம். எனக்குச் சோறு அக்கா எஸ்தரின் வீட்டில். வேலை, கூட்டத்துக்கு மேசை நாற்காலி சுமப்பது. மலையாளம் கலக்காமல் பேசுவேன் என்று சபதம் வேறு எடுத்திருந்தேன். (அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் மலையாளம்தான் பேசுவார்கள் என்பதால் பாதி நாள் ஊமையாகவே திரிந்தேன்.)

உதியன்குளங்கரை சந்திப்பில் ஒருநாள் எங்கள் தலைவர் பேச வந்தார். (பெயர் வேண்டாம். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, கும்பிட்டது நான்தான்.) பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் ஓடிப்போய் அக்காவிடம் கருப்பட்டிக் காப்பி வாங்கி, அவள் கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட கண்ணாடி டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி" என்றார்.

அவ்வளவுதான். மீதிக் காப்பியோடு டம்ளரை நெஞ்சில் அணைத்தபடி வீடு வந்து, கண்ணாடி அலமாரியில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கழுவவில்லை. காப்பி அடியில் காய்ந்து கட்டியானது. எறும்பு வந்தது. எறும்பைத்தான் ஊதிவிட்டேன். கூட்டத்துக்குப் புறப்படும்போதெல்லாம் அதன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். பக்கத்திலிருந்த புத்தகத்தை எப்போது கடைசியாகத் திறந்தேன் என்று நினைவில்லை.

"எலே, செட்டுல ஒரு டம்ளர் கொறையுது. அதைக் கழுவித் தாயேன்" என்பாள் அக்கா.

"அக்கா, அது சரித்திரமாக்கும்!"

"சரித்திரத்துல எறும்பு ஏறுது பாரு."

இந்த நிலையில்தான் பெருங்கடவிளையிலிருந்து ரூத்தின் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். சபைக் கன்வென்ஷன் பந்தலில் ரூத் பாடக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு பெண் கண்ணில் படவில்லை. அவளுக்கும் சம்மதம். ஆனால் சாதியில் அவர்கள் வேறு. 'கிறிஸ்துவுக்குள் அதெல்லாம் கிடையாது' என்று போதகர் முன்னின்று பேசிக் கொண்டுவந்த சம்பந்தம். அவள் அப்பா ஞானதாஸ் வந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம், சொல்லாவிட்டால் இல்லை. வாழைக்குலை வியாபாரி. சிரித்துப் பழகாத முகம்.

"தம்பி ஒரு ஜெபம் பண்ணும்" என்றார். எங்கள் சபைகளில் மாப்பிள்ளையை எடை போடுவது இப்படித்தான். நான் விடுவேனா? ஜெபம் மெல்லப் பிரசங்கமாகிவிட்டது. கல்லை வணங்குகிறவர்களுக்காகவும் மரத்தை வணங்குகிறவர்களுக்காகவும் கண்ணீர் விட்டேன். "காலண்டர் படத்தை வணங்குகிறவனும் பாவிதான் ஆண்டவரே!" என்று குரலை உயர்த்தினேன். (கண்ணாடிச் சாமான்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.) ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் ஞானதாஸ் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ரூத் கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அக்கா தட்டில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் பூப்போட்ட டம்ளர்கள். ஞானதாஸ் எடுத்த டம்ளரின் விளிம்பில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. அந்தக் கீறலை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். என் கண் அலமாரிக்குப் போனது. வேதப்புத்தகம் தனியாக இருந்தது.

பாய்ந்து அவர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிவிட்டேன். "அதுல குடிக்கருது!" என்று கத்தினேன். ('குடிக்கக் கூடாது' என்பதற்கு மலையாளம். தமிழுக்காக உயிரை விடப் போனவனுக்கு அவசரத்தில் வாயில் வந்தது அது.)

காப்பி அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது. அவர் வேட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எனக்க அப்பனுக்குச் சந்தையில தேங்காச் சிரட்டையிலதான் தண்ணி ஊத்துவானுவ" என்றார் மெதுவாக. "டம்ளரைத் தொடப்பிடாது. அந்தச் சிரட்டை வேண்டாமுன்னுதான் நாங்க கிறிஸ்து வேதத்துல சேந்தோம். இப்பம் வேதக்காரன் வீட்டுலயுமா?"

சாதி என் நினைப்பிலேயே இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் அவர் அப்பா சந்தையில் கேட்ட அதே பேச்சைத்தான் நான் அவர் முகத்துக்கு நேரே கத்தியிருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் விக்கிரகாராதனைக்காரன். சொல்லாவிட்டால் சாதி பார்க்கிறவன். நடுவில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

"மாமா, அது... அது தலைவரு குடிச்ச டம்ளராக்கும். ஆரும் குடிக்கப்பிடாதுன்னு பத்திரமா வச்சிருந்தேன். கழுவக்கூட இல்ல."

"நான் கழுவிட்டேன்லே!" என்று அடுப்பங்கரையிலிருந்து அக்கா அலறினாள். "சாம்பல் போட்டுத் தேச்சாச்சு. ஒனக்க சரித்திரமெல்லாம் கழுவுன தண்ணியோட வாழை மூட்டுல போச்சு!"

யாரும் சிரிக்கவில்லை. ஞானதாஸ் அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பம் இது சாதியில்ல. பூசையாக்கும்?"

"ஆமா" என்றேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"முன்னால நின்னு கும்பிடுவீரோ?"

"கண்ணை மூடிக்கிட்டு நிப்பேன்."

"என்ன கேப்பீரு?"

"பாறசாலை தமிழ்நாட்டுல சேரணும்னு..."

"டம்ளருட்டயா?"

கூட வந்தவர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அதைப் பார்த்து ஞானதாஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் மட்டும் காப்பி சொட்டும் டம்ளரோடு, ஐயோ பூமி பிளக்காதா என்று நின்றுகொண்டிருந்தேன்.

"மக்கா, இதுலயே இன்னும் ஒருக்க ஊத்து" என்று அக்காவிடம் சொன்னார். அதிலேயே குடித்தார். கல்யாணம் நடந்தது.

எல்லை முடிவானபோது பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. (கேட்ட இடம் அப்படி.) அந்த டம்ளரை அக்கா சீதனம் மாதிரி ரூத்துக்கே கொடுத்துவிட்டாள். ரூத் அதில்தான் எனக்குக் கஷாயம் தருவாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்குக் காப்பி கொடுத்தாலும், "இது குடிக்கவா, கும்பிடவா?" என்று பிள்ளைகள் கேட்கும். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

மாமா இருந்தவரை அவரும் சேர்ந்து சிரித்தார். என்னை மன்னித்துவிட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் என் வீட்டில் காப்பி கொடுத்தால் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வார். ஆறிப்போனாலும் வாயருகே கொண்டுபோக மாட்டார். "குடியுங்க மாமா" என்று நான் சொல்ல வேண்டும். கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.