இல்லாத பண்டகசாலையும் காத்துச் சேட்டனும்

கண்ணெதிரே கொட்டுகிற மழையை நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் ஆபீஸுக்கு நேர் மேலே, மாடியில் இருந்தார். சொந்தப் பெயர் என்று ஏதோ ஒன்று அவருக்கும் இருந்தது. ஆனால் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் அவர் காத்துச் சேட்டன்.

நான் அப்போது ஒரு மிளகு, சுக்கு வியாபாரியிடம் மேனேஜர். மாடியை ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கு வாடகைக்கு எடுத்து, நாலைந்து கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவற்றோடு வந்து இறங்கியவர் இவர். பாலக்காட்டுத் தமிழர். மட்டாஞ்சேரியை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிவைத்து, அதற்குள் காற்றை வீசவிட்டு, நாளைக்கு மழை வருமா, தூசி எங்கே படியும், புகை எந்தப் பக்கம் போகும் என்று இன்றே சொல்வதுதான் வேலை. ஊரையே கட்டில் அகலக் கட்டங்களாக வெட்டி வைத்திருந்தார். அதற்கு மாடல் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போது, கல்யாணமாகிப் போன மகளைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிடும் அவருக்கு.

ஒருநாள் தொப்பலாக நனைந்து மாடியேறினேன். "சேட்டா, என்ன மழை!" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னிக்கு மழை இல்லையே" என்றார்.

"என் சட்டையைப் பாருங்க."

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பக்கத்துக் கட்டத்து மழையாக்கும். நீங்க கொஞ்சம் தள்ளி நடந்திருக்கணும்."

ஜன்னலைத் திறந்து பார்க்கலாமே என்றால் கோபம் வரும். வெளியே பார்த்தால் மாடலைப் பற்றிச் சந்தேகம் வந்துவிடுமாம். எங்கள் முதலாளி கொஞ்சம் கனத்த உடம்பு. ஒருநாள் மரியாதைக்கு மாடியேறி, காற்று எப்படி என்று விசாரித்தார். "நீங்க ரெண்டு கட்டத்துல நிக்கறேள். எந்தக் கட்டத்துக் காத்தைச் சொல்லட்டும்?" என்று கேட்டார் சேட்டன். அதற்குப் பிறகு முதலாளி மாடிப்படிப் பக்கமே திரும்பவில்லை.

நாங்கள் சிரித்தோமே தவிர, அந்த மனிதரை நம்பியே மூச்சு விட்டவள் ஒருத்தி இருந்தாள். செல்வி, தேனிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கிடங்கில் சுக்கு புடைப்பவள். பொல்லாத ஆஸ்துமா. நகரத்தின் அந்தப் பக்கம் குப்பை எரிகிற நாட்களில், விடிகாலைக் காற்று புகையை வெலிங்டன் தீவுக்கு மேலாகக் காயலைக் கடத்திக் கொண்டுவரும். இன்னொரு தடவை அந்தப் புகை நெஞ்சுக்குள் இறங்கினால் தப்பிப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் ஓர் ஏற்பாடு. சாயங்காலம் மாடி வராந்தாவில் சேட்டன் ஒரு துண்டைத் தொங்கவிடுவார். சிவப்பு என்றால் மறுநாள் அவளுடைய சந்துக்குள் புகை. செல்வி அப்போதே பஸ் ஏறி, கும்பளங்கியில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். பச்சை என்றால் வீட்டிலேயே படுத்துக்கொள்வாள். மழையில் கோட்டை விடுகிற மனிதர் இந்தப் புகையில் மட்டும் தவறியதே இல்லை. சிவப்புத் துண்டுக்கு மறுநாள் சந்து முழுக்க இருமி இருமி அதற்குச் சாட்சி சொல்லும்.

பிறகு, மாடலைச் சோதிக்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தார். திரையில் இருந்த ஊரையும் வெளியே இருந்த ஊரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், தண்ணி ஓரமா இங்க ஒரு பெரிய கட்டடம் வெச்சிருக்கீங்களே, அது எங்க?"

"பண்டகசாலையாக்கும். அங்கேயேதான் இருக்கு."

"அங்க புல்லுதான் சார் இருக்கு."

காத்துச் சேட்டன் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். ஏதோ பழைய வரைபடத்தைப் பார்த்து ஊரைக் கட்டியிருக்கிறார். வெயிலில் கண் கூச, கீழே நின்ற ஆட்டோக்காரர் அஷ்ரஃபைக் கூப்பிட்டு, "இந்தப் பண்டகசாலை எப்போ இடிஞ்சுது?" என்று கத்தினார்.

"எங்க வாப்பா பொறக்கறதுக்கும் முன்னாடி சேட்டா!"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான். அந்தப் புல்தரைக்கு ஒரு பக்கம் செல்வியின் சந்து, மறுபக்கம் படகு ஜெட்டியை ஒட்டி ஆட்டோ ஸ்டாண்டு. குறுக்கே நடந்தால் சட்டென்று போய்விடலாம். ஒருத்தரும் போவதில்லை. வேலியும் கிடையாது, போர்டும் கிடையாது. ஆடுகள்கூட ஓரத்தில் மேய்ந்துவிட்டுத் திரும்பிவிடும். நானே வருஷக்கணக்காகச் சுற்றித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஏன் என்று அன்றுதான் யோசித்தேன்.

அஷ்ரஃபிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்ல சாரே, சும்மா கிடக்கிற ஸ்தலம்" என்றார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "ஆனா ஓரமா வண்டிய விட்டா, காலைல சீட்டுல சுக்கு மணக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். பட்டப்பகல் அது. அன்றும் நான் சுற்றித்தான் போனேன்.

மேடத்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது. இல்லாத கட்டடத்தை மாடலில் வைத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? அழித்துவிட்டார்கள். அழித்ததும் மாடலுக்குள் காற்று தடையில்லாமல் ஓடியது. புகை செல்வியின் சந்தில் தங்காமல் தாண்டிப் போனது. அன்று சாயங்காலம் பச்சைத் துண்டு தொங்கியது.

செல்வி கீழே நின்று, "நெசமாத்தானா சேட்டா? அந்தப் பக்கம் குப்பை எரியுதுங்கிறாய்ங்களே!" என்றாள்.

"எரியட்டும் செல்வி. உன் சந்துல நிக்காது. மாடல் சொல்றது" என்றார். குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஆபீஸ் திறக்க வந்துகொண்டிருந்தேன். காயலின் மேல் புகை தாழ்வாக, தட்டையாக வந்துகொண்டிருந்தது. புல்தரை ஓரத்தைத் தொட்டதும் அங்கே, ஒன்றுமே இல்லாத இடத்தில், செங்குத்தாக மேலேறியது. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே போய், ஓட்டுக்கூரையின் சரிவில் வழிவது போலச் சரிந்து, செல்வியின் சந்துக்குள் இறங்கி அப்படியே நின்றது. காலை வெளிச்சத்தில் அந்தப் பண்டகசாலையை முழுசாகப் பார்த்தேன். கதவு இருந்த இடம்கூடத் தெரிந்தது.

சந்துக்குள்ளிருந்து காத்துச் சேட்டன் ஓடி வந்தார். தோளில் செல்வி. பச்சைத் துண்டைத் தொங்கவிட்ட பிறகு தூக்கம் வராமல், விடியும் முன்பே அவள் வாசலில் போய் உட்கார்ந்திருந்தாராம். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மறுபக்கம் அஷ்ரஃப் வண்டியைக் கிளப்பிவிட்டு, "சுத்தி வா சேட்டா! சுத்தி வா!" என்று கத்தினார்.

அவர் சுற்றவில்லை. நேரே ஓடினார். புல்லில் கால் வைக்கும் முன் கண்களை இறுக்க மூடியதைப் பார்த்தேன். புகை இருவரையும் மறைத்துக்கொண்டது. அடுத்துக் கேட்டது ஆட்டோ சீறிப் புறப்பட்ட சத்தம்தான்.

செல்வி பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் காத்துச் சேட்டன் போனில் பேசிக்கொண்டிருந்தார். "மேடம், கட்டடத்தை நான் திரும்ப வெக்கப் போறேன்... இல்ல மேடம், இருக்கு. தோளால இடிச்சுப் பார்த்தாச்சு." அவருடைய இடது தோளில் சட்டை கிழிந்திருந்தது. கிழிசலைச் சுற்றி, பழைய சுவரில் உரசினால் ஒட்டுகிற சுண்ணாம்பு.

எதிரே இருந்த கடைக்கு அழைத்துப் போய்ச் சாயா வாங்கிக் கொடுத்தேன். "ஊர்ல எல்லாரும் அங்க ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டே சுத்திப் போறாங்க. சுவர் இருக்குன்னு நம்பறவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க எப்படி நேரா ஓடினீங்க?" என்று கேட்டேன்.

"சுத்திப் போறதுக்கு அவகிட்ட மூச்சு இல்லையே" என்றார்.

அப்புறம் என் சாயாவையும் எடுத்துக் குடித்துவிட்டார். குடிக்கட்டும் என்று இருந்தது எனக்கு. அந்த மனிதருக்கு ஆயுள் முழுக்கச் சாயா வாங்கித் தரலாம்.